இணையவழியே சேர்ந்து உருவாக்கும் அமைப்பு மாதிரிகளை ஆய்வு செய்வது எப்படி?

பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக எம்டெக்கோ முனைவர் பட்டமோ படிக்கும் தமிழர்கள் பலர். அவர்களில் மென்பொருள் பொறியியலை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆய்வுக்களம் அலுவலக மேசையிலேயே இருக்கிறது. காலையில் இங்கே ஒருவர் திருத்திய நிலைமாற்ற வரைபடத்தை (ஓர் அமைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்கும், எப்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் என்று காட்டும் மாதிரி), பிற்பகலில் ஜெர்மனியில் இருக்கும் இன்னொருவர் திறந்து மாற்றுகிறார். இருவரும் ஒரே அறையில் அமர்ந்ததே இல்லை. இத்தகைய வேலையை முறையாக ஆராய விரும்புபவருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். இதன் அடிப்படை ஒன்றுதான்: முடிந்துபோன வரைபடத்தைவிட, அதற்குள் ஒவ்வொரு மாற்றமும் யாருடைய பேச்சால், எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதே ஆராய வேண்டிய பொருள்.

கேள்வியைச் சுருக்குதல்

“இணையவழிக் கூட்டுழைப்பு மாதிரியமைப்பை எவ்வாறு பாதிக்கிறது” என்ற கேள்வியோடு தொடங்குபவர் எதையும் அளக்க முடியாமல் இரண்டாம் ஆண்டில் நின்றுபோவார். ஃப்ரான்சாகோ, டி ருஸ்கியோ, மலவோல்தா, முச்சினி ஆகியோர் இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து வகைப்படுத்தியபோது மூன்று பக்கங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மாதிரியைச் சேமித்துப் பராமரிக்கும் ஏற்பாடு, சேர்ந்து வேலை செய்யும் முறை, பேசிக்கொள்ளும் வழி. உங்கள் கேள்வி இவற்றில் இரண்டையாவது தொட வேண்டும் என்பது என் கருத்து. “மெர்ஜ் செய்தபின் (தனித்தனி மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்தபின்) பிழையாகிப்போன மாற்றங்களுக்கு முன்னால், அவற்றைச் செய்த இருவரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தார்களா?” என்பது நல்ல கேள்வி. அதன் ஒரு பாதிக்குக் கோப்புகள் விடை தரும். மறுபாதிக்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும்.

ஓர் அமைப்பை வடிவமைக்கும் நிறுவனம் தன் தகவல் தொடர்புக் கட்டமைப்பின் சாயலிலேயே அதை வடிவமைக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். இதை மேற்கோளாகப் போட்டுவிட்டுக் கடந்துபோகும் ஆய்வேடுகள் ஏராளம். அதைச் சோதிக்கக்கூடிய கூற்றாக மாற்றிப் பாருங்கள்: உங்கள் மாதிரியில் எந்த இரு கூறுகளுக்கிடையே இடைமுகம் அடிக்கடி மாறுகிறது, அந்த இரு கூறுகளின் பொறுப்பாளர்கள் வாரத்தில் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று இரு பட்டியல்களை அருகருகே வைத்தாலே ஆய்வுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முறைசார் இலக்கிய மதிப்பாய்வுக்கு பார்பரா கிச்சன்ஹாமின் வழிகாட்டுதலும், ஒரு கட்டுரையின் மேற்கோள்களைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த கட்டுரைகளுக்குப் போகும் முறைக்கு கிளேஸ் வோலின் 2014-இல் எழுதியதும், நிகழ்வாய்வுக்கு (கேஸ் ஸ்டடி) ரூனசன், ஹோஸ்ட் இருவரும் 2009-இல் எழுதியதும் போதும். இவற்றோடு, 50 பொறியாளர்களை நேர்கண்டு மரியன் பெட்ரே 2013-இல் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். அவர்களில் 35 பேர், மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுக் குறிமுறையான யூஎம்எல்லைப் பயன்படுத்தவே இல்லை. எனவே ஒரு குழுவில் ‘மாதிரி’ எதுவாக இருக்கிறது என்பதை நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். வெள்ளைப்பலகையின் கைபேசிப் படமும், எழுத்தை வரைபடமாக்கும் மெர்மெய்ட் கருவியில் எழுதிய நான்கு வரிகளும் அங்கே மாதிரியாகப் புழங்கலாம்.

பொதுவெளித் தரவு எங்கே போதும், எங்கே போதாது

நிறுவன அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் திறமூலத் திட்டங்களை ஆராயலாம். ரெகினா ஹேபிக், மிஷெல் சாட்ரான் முதலியோர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தேடித் தொகுத்த லிண்ட்ஹோல்மென் தரவுத்தொகுப்பில் 24,000-க்கும் மேற்பட்ட திட்டக் களஞ்சியங்களிலிருந்து எடுத்த 93,000-க்கும் மேற்பட்ட யூஎம்எல் கோப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் படக்கோப்புகளும் கலந்திருக்கின்றன. படத்தில் பெட்டி தெரியுமே தவிர, எந்த உறுப்பு எந்த உறுப்பைச் சுட்டுகிறது என்பதைக் கருவியால் நேரடியாகப் படிக்க முடியாது. மேலும், கிட்ஹப்பில் உள்ள களஞ்சியங்களில் பல தனியொருவருடையவை; அங்கே கூட்டுழைப்பே நிகழ்ந்திருக்காது. குறைந்தது இரண்டு பேர் ஒரே மாதிரிக் கோப்பைத் தொட்டிருக்கும் களஞ்சியங்களை மட்டும் முதலில் வடிகட்டுங்கள்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது சில நுணுக்கங்கள் முடிவையே மாற்றிவிடும். ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிந்த ஒவ்வொரு மாற்றத்திலும், எழுதியவரின் நேரம், கமிட் செய்தவரின் நேரம் என இரண்டு நேரங்கள் உண்டு. ரீபேஸ் செய்தால், அதாவது மாற்றங்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி பொருத்தினால், முதலாவது அப்படியே இருக்க, இரண்டாவது புதிதாகிவிடும். பல கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி, அதாவது ஸ்குவாஷ் செய்து, சேர்க்கும் குழுவில் இடைப்பட்ட படிகள் முதன்மைக் கிளையின் வரலாற்றில் நிற்பதில்லை; அங்கே ஒரு நாளில் ஒரே மாற்றம்தான் நடந்தது என்று எண்ணுவது தவறு. எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிச் சேமியுங்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி. அந்த ஒரு மணி நேர மாற்றம் இரு குழுக்களின் பொதுவான வேலை நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதால், மார்ச், அக்டோபர் மாத இறுதிகளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதே ஓர் இயற்கையான சோதனையாக அமையும். ஹெர்ப்ஸ்லெப், மோக்கஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஊர்களில் பிரிந்து செய்த வேலை ஒரே ஊரில் செய்த ஒத்த வேலையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் எடுத்ததாகவும், அதில் ஈடுபடும் ஆட்களின் எண்ணிக்கை கூடுவது அதற்கு முக்கியக் காரணமாக இருப்பதாகவும் கண்டார்கள். உங்கள் தரவிலும் நேர இடைவெளியோடு ஆட்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே பதியுங்கள்.

மெர்ஜை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தல்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கிட் கோப்புகளை வரிவரியாக ஒப்பிடுகிறது. மாதிரியோ ஒன்றையொன்று சுட்டும் உறுப்புகளால் ஆனது. இந்தப் பொருத்தமின்மை எப்படிக் கண்ணுக்குத் தெரியாத பிழையாகிறது என்பதற்கு, மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி மேலாண்மைக்கான ஒரு நிலைமாற்ற மாதிரியைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஓய்வு, முன்மின்னேற்றம், மின்னேற்றம், மின்னிறக்கம், பழுது என ஐந்து நிலைகள், அதே வரிசையில். மாதிரிகளை உருவாக்க உதவும் எக்ளிப்ஸின் இஎம்எஃப் கட்டமைப்பு வழக்கமான அமைப்பில் எக்ஸ்எம்ஐ என்ற எழுத்துவடிவக் கோப்பாகச் சேமிக்கும்போது, ஒரு நிலையை அதன் பெயரால் சுட்டாமல், பூஜ்யத்திலிருந்து எண்ணும் அதன் வரிசை எண்ணால் சுட்டும். ஆகவே ‘மின்னேற்றம்’ என்பது 2.

எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் முன்மின்னேற்ற நிலையை நீக்குகிறார். கருவி அவர் கோப்பில் இருந்த எல்லாச் சுட்டுகளையும் திருத்திவிடுகிறது. இப்போது மின்னேற்றம் 1, மின்னிறக்கம் 2. அதே வேளையில் ஒயிட்ஃபீல்டில் இருப்பவர் தன் கிளையில், சார்ஜர் பொருத்தப்பட்டால் ஓய்விலிருந்து மின்னேற்றத்திற்குப் போகும் புதிய நிலைமாற்றம் ஒன்றைச் சேர்க்கிறார். அவர் கோப்பில் அது 0-விலிருந்து 2-க்கு. அருகிலுள்ள வரிகளை மற்றவர் தொட்டிருக்காவிட்டால் கிட் எந்த முரணும் காட்டாமல் இரண்டையும் சேர்த்துவிடும். கோப்பு திறக்கும், வரைபடம் அழகாகத் தெரியும். ஆனால் சார்ஜரைப் பொருத்தினால் ஸ்கூட்டர் மின்னிறக்க நிலைக்குப் போகும் என்று மாதிரி இப்போது சொல்கிறது.

இத்தகைய பிழைகளைத் தேட, வரலாற்றில் இரு பெற்றோர் உள்ள (இரண்டு கிளைகளை ஒன்றாக்கிய) ஒவ்வொரு மெர்ஜ் கமிட்டையும் எடுங்கள். அவ்விரண்டின் பொது மூதாதையைக் கண்டுபிடித்து, கிட்டின் இயல்பான முறையில் ஒருமுறையும், இஎம்எஃப் கம்பேர் போன்ற மாதிரி அறிந்த கருவியால் ஒருமுறையும் மெர்ஜை மறுபடி நிகழ்த்துங்கள். இரண்டு விளைவுகளையும், குழு உண்மையில் ஏற்றுக்கொண்ட வடிவத்தையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அதைவிட்டு நகருங்கள். ஒத்துப்போகாத இடங்கள்தான் உங்கள் நேர்காணல்களுக்கான பட்டியல். ஒவ்வொரு உறுப்புக்கும் மாறாத அடையாள எண் கொடுத்துச் சேமிக்கும் குழுவில் மேற்சொன்ன வகைப் பிழை வராது என்பதால், சேமிப்பு முறை எது என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். தரநிலை அமைப்பான ஓஎம்ஜி 2025-இல் முறைப்படி ஏற்ற, அமைப்பு மாதிரிகளை எழுதும் மொழியான சிஸ்எம்எல்லின் இரண்டாம் பதிப்பில் உறுப்புகளைப் பெயரால் சுட்டும் எழுத்துவடிவக் குறிமுறை இருக்கிறது. வரிவரியான மெர்ஜ் அங்கே எந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்பது இன்றைக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த நல்ல ஆய்வுக்கேள்வி.

உலாவியில் பலர் ஒரே நேரத்தில் வரையும் கருவிகளில் மெர்ஜ் என்ற தனிப் படி கிடையாது. எல்லிஸ், கிப்ஸ் இருவரும் 1989-இல் முன்வைத்த செயல்மாற்ற முறையோ (ஒருவர் செய்ததை மற்றவர் செய்ததற்கேற்ப மாற்றிப் பொருத்துவது), ஷப்பீரோவும் கூட்டாளிகளும் 2011-இல் வரையறுத்த சிஆர்டிடி முறையோ (மாற்றங்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே விளைவு தரும் தரவு வடிவம்) பின்னணியில் வேலை செய்யலாம். இவை உறுதியளிப்பது எல்லாருடைய திரையும் இறுதியில் ஒரே வடிவத்தைக் காட்டும் என்பதை மட்டுமே. அந்த வடிவம் சரியான மாதிரியா என்பதை இவை கவனிப்பதில்லை. இருவர் ஒரே கணத்தில், ஒரே நிலையிலிருந்து, ஒரே நிகழ்வுக்கு, வெவ்வேறு இலக்குகளுக்கு அம்பு போட்டால் இரண்டு அம்புகளும் எல்லாருக்கும் தெரியும். எதைப் பின்பற்றுவது என்பது மட்டும் தெரியாது. ஆகவே இத்தகைய கருவிகளை ஆராயும்போது, ஒவ்வொரு ஒத்திசைவுக்குப் பின்னும் மாதிரி சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்கும் நல்வடிவ விதிகளை இயக்கி, மீறல் தோன்றிய நேரத்தையும் அதை ஒருவர் கவனித்துத் திருத்திய நேரத்தையும் பதிவுசெய்யுங்கள். இடைப்பட்ட காலமே குழுவின் கவனத்தைக் காட்டும் நம்பகமான அளவு.

பேச்சைச் சேகரித்தல்

கூட்டப் பதிவுகளையும் ரிவ்யூ குறிப்புகளையும் மட்டும் நம்பும் ஆய்வு, பெங்களூருவைப் பொறுத்தவரை பாதி உண்மையையே பிடிக்கும். கூட்டத்தில் ஆங்கிலம் ஓடும். முடிவு அதற்கு முன்போ பின்போ இரண்டு தமிழர்களுக்கிடையே போனில் நடந்திருக்கும். மேலே சொன்ன நீக்கம் இப்படி நடந்திருக்கலாம்: “அண்ணா, அந்த முன்மின்னேற்ற நிலைய எடுத்துடலாமா? புது போர்டுல அது இல்லையாம்.” “எடுத்துடுப்பா. ரிவ்யூல ஒரு வரி போட்டுடு.” அந்த ஒரு வரியில் ‘நிலை நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கும், போர்டு மாறியது என்ற காரணமும், அதைச் சொன்னவர் யார் என்பதும் பதிவில் வராது. கன்னடர்களுக்கிடையேயும் தெலுங்கர்களுக்கிடையேயும் இதே போன்ற பேச்சுகள் நடக்கும் என்பதால், ஒரு மொழி மட்டும் தெரிந்த ஆய்வாளர் இன்னொருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்க முடியாது; கேட்கவும் கூடாது. மாற்றம் நடந்த சில நாட்களுக்குள், அந்த மாற்றத்தையே திரையில் காட்டி, “இதற்கு முன்னால் யாரிடம் பேசினீர்கள்?” என்று கேளுங்கள். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் குற்றம் சாட்டுவதாகத் தோன்றி, எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சைத் தானாக எழுத்தாக்கும் கருவியிடம் விட்டுவிடாமல், ஒருமுறையாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் வகைக்குறி இடும் வேலையை இருவர் தனித்தனியாகச் செய்து, தற்செயலான ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா அளவால் உடன்பாட்டைக் கணக்கிட்டு, வேறுபட்ட இடங்களை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

மேலாளரின் கையெழுத்து குழுவினரின் ஒப்புதல் ஆகாது. உங்களை ‘சார்’ என்றோ ‘அக்கா’ என்றோ அழைக்கும் இளையவர் மரியாதைக்காகவே சரி என்று சொல்லிவிடுவார். ஆகவே ஒப்புதல் படிவத்தை நேரில் நீட்டாமல் அனுப்பிவைத்து, பதிலுக்கு அவகாசம் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்தத் தரவைக்கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. யார் மெதுவாக வேலை செய்கிறார் என்று மேலாளர் கேட்டால், தனிநபர் விவரம் எதையும் தர முடியாது என்பதை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள். இந்த இடத்தில் வளைந்துகொடுத்தால், அடுத்த முறை அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆட்பெயர்களை நீக்குவது எளிது. மாதிரியே நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் சிக்கல். உறுப்புகளின் பெயர்களை எல்லாக் கோப்புகளிலும் ஒரே சீராக மாற்றும் சிறு நிரலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்பைக் கொண்டே அடையாளம் காண முடியும் என்று பொறியாளர்கள் கருதினால் மாதிரியை வெளியிடாமல், அளவுகளையும் கணக்கிட்ட நிரலையும் மட்டும் வெளியிடுங்கள். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன், அவரவர் கூற்றுகள் இடம்பெறும் பத்திகளை அவரவருக்கே அனுப்பி, திருத்தம் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அவர்கள் மறுக்கும் விளக்கத்தை நீங்கள் வைத்துக்கொள்வதாக இருந்தால், அவர்களுடைய மறுப்பையும் அதே பத்தியில் சேர்த்து அச்சிடுங்கள்.