பிள்ளைக்கு என்ன தெரியும்? வீட்டிலேயே பார்க்கும் வழி

மலேசியாவில், எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் காய்கறி வாங்கப் போனாலும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், அந்தக் காலத்துல சோதனைத் தாள்ல எழுபது, எண்பதுன்னு போட்டிருக்கும். இப்ப டிபி மூணு, டிபி நாலுன்னு வருது. என் பையன் தேறுவானா மாட்டானா?"

டிபி என்பது அடைவுநிலை. 1 முதல் 6 வரை போகும். 3 என்றால் பிள்ளைக்குப் பாடம் தெரிகிறது, புரிகிறது, செய்யவும் வருகிறது என்று அர்த்தம். எல்லாப் பிள்ளையும் குறைந்தது அங்கே வரவேண்டும். நாலை ஆறால் வகுத்து 66 மார்க் என்று கணக்குப் போடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அது மார்க் இல்லை.

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர், அதாவது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய அரசுத் தேர்வு, 2021இல் எடுக்கப்பட்டது. மறு ஆண்டு இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3யும் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஏழு பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும்; கடைசி வரிசைப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கினான் என்று எந்த முடிவுத்தாளும் சொன்னதில்லை. ஆனால் நம்பர் போனதோடு, பையன் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பழக்கமும் பல வீடுகளில் போய்விட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அம்மா ஷிஃப்டில் இருந்தால் அப்பாவோ தாத்தாவோ உட்காரலாம்.

முதலில் வாசிப்பு. பையன் இதுவரை பார்க்காத பகுதியில் 100 சொல் எண்ணிக்கொள்ளுங்கள். வகுப்பில் நடந்து முடிந்த பாடம் உதவாது, பாதி மனப்பாடமாக இருக்கும். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்த சொல், விட்டுப்போன சொல், நீங்கள் எடுத்துக்கொடுத்த சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் கோடு இல்லை. 'பழம்' 'பளம்' ஆனாலும் கோடு போடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம், அதை எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து கோட்டுக்குள் முடித்தால் அந்தப் புத்தகத்தைத் தனியாகவே படிப்பான். பத்து வரை போனால் பக்கத்தில் ஆள் வேண்டும். அதற்கு மேல் என்றால் ஒரு வகுப்பு கீழே உள்ள புத்தகத்தைக் கொடுங்கள். நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளுக்காக வகுத்த முறை இது. தமிழ்ச் சொல் நீளமானது, அதனால் ஒன்றிரண்டு கோடு கூடினால் பதற வேண்டாம்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். ஒரு கோடும் விழாமல் கடகடவென்று வாசித்துவிட்டு, கதையில் யார் யார் வந்தார்கள் என்றே தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கில் விடை சரியா தப்பா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். 503 – 278 கொடுங்கள். சரியான விடை 225. ஒருவன் 375 என்று எழுதுவான். மேலே எது கீழே எது என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான்: எட்டிலிருந்து மூன்று, ஏழிலிருந்து பூஜ்யம். கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை. இன்னொருவன் 235 எழுதுவான். இவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் பூஜ்யம் பத்தாகி, ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பதாக நிற்கிறது என்பது மட்டும் மறந்துபோச்சு. சோதனைத் தாளில் இரண்டு பேருக்கும் முட்டைதான். முதல் பையனுக்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து ஆரம்பத்திலிருந்து வரவேண்டும். இரண்டாமவனுக்கு ஒரு சாயங்காலம் போதும். இன்னொன்று: நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 40 கேள்வித் தாளில், கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கினாலும் சராசரியாக 10 கிடைக்கும். அந்தப் பத்தை நம்பி நாம் டியூஷன் மாற்றுகிறோம்!

பெரிய பிள்ளையிடம் வாயாலேயே கேட்கலாம். ஒரு செம்பனைக் குலை 18 கிலோ. ஒரு டன் சேர எத்தனை குலை வெட்டவேண்டும்? "55, மிச்சம் 10" என்று சொல்லி நிறுத்துகிறவனுக்கு வகுத்தல் வரும். "அப்ப 56 குலை வேணும்ப்பா, 55 பத்தாது" என்கிறவனுக்குக் கணக்கு வரும்.

மலாய்க்குப் பயிற்சி நூல் தேவையில்லை. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், காசைக் கையில் கொடுத்து அவனையே பேச விடுங்கள். நீங்கள் நாலடி தள்ளி நின்று, எந்த இடத்தில் திணறித் திரும்பிப் பார்க்கிறான் என்பதைக் கவனித்தால் போதும்.

எழுத்துக்கு ஒரு கோப்பு. பள்ளி திறந்ததும் ஒன்று, ஆண்டு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்று தடவையும் ஒரே தலைப்பு, மேலே தேதி. 'எங்கள் வீடு' போதும். சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாக்கியம் நீண்டிருக்கிறதா, புதுச்சொல் வந்திருக்கிறதா என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும்.

இதில் எதற்கும் மார்க் போடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். அப்படிச் செய்தால் மறுவாரமே பையன் வயிற்றுவலி என்று படுத்துவிடுவான்.

வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கோப்பையும் 503 – 278 போட்ட தாளையும் கையோடு கொண்டுபோங்கள். "என் பையன் எத்தனாவது?" என்று தொடங்காதீர்கள். "இவனுக்கு எந்தக் கற்றல் தரம், அதாவது பாடத்திட்டத்தில் கற்கவேண்டிய எந்தத் திறன், இன்னும் வரவில்லை? இவன் செய்த வேலையைக் கொஞ்சம் காட்டுங்கள் டீச்சர்" என்று கேளுங்கள். முப்பது பிள்ளைகளின் அடைவுநிலையைப் பதியும் அவசரத்தில் உங்கள் பையனுடைய 235 அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். தாளைக் காட்டினால் எதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும்.