குவோரம் என்பது பெரும்பான்மை அன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள நம் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் விதிநூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதனால் தமிழில் பேசி நடத்தும் கூட்டத்திலும் ‘குவோரம்’ என்ற சொல், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண், அப்படியே வந்து நிற்கிறது. பல ஆண்டுகள் ஒரு சங்கத்தின் செயலாளராகக் கூட்டக் குறிப்பேடு எழுதியவன் என்ற முறையில், இச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எழும் சச்சரவுகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இலத்தீனில் இது பெயர்ச்சொல்லே அன்று; ‘எவர்களுள்’ என்று பொருள்படும், வேற்றுமை ஏற்ற பிரதிப்பெயர். இங்கிலாந்தில் அமைதி நீதிபதிகளை அமர்த்திய அரச ஆணைகள் இலத்தீனில் எழுதப்பட்டன. பலரின் பெயர்களைக் குறித்தபின், ‘இவர்களுள் இன்னார் ஒருவராக இருக்க வேண்டுமென விரும்புகிறோம்’ என்று சொல்லும் தொடர் அவற்றில் ‘குவோரும்’ என்றே தொடங்கும். ஆகவே இச்சொல் முதலில் குறித்தது எண்ணிக்கையை அன்று, எவர் இல்லாமல் அமர்வு நடக்கக்கூடாதோ அந்த ஆட்களை. ‘இத்தனை பேராவது இருந்தாக வேண்டும்’ என்ற இன்றைய பொருள் பிறகு கிளைத்தது. இந்த வரலாறு தெரிந்தால் ஒரு பிழை தானாகவே விலகும்: டேட்டம் என்பதற்கு டேட்டா பன்மையாவதுபோல் இதற்கு ‘குவோரா’ என்று பன்மை எழுதுவது தவறு. ஆங்கிலத்தில் ‘குவோரம்ஸ்’ என்பதே சரி.

தமிழில் எழுதும்போது ‘கோரம்’ என்று சுருக்குவதைத் தவிர்ப்பது நல்லது, அச்சொல்லுக்கு அச்சந்தரும் வேறொரு பொருள் நம் மொழியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் குறைவெண் வரம்பு என்றும் இலங்கையில் கூட்டநடப்பெண் என்றும் வழங்குகிறார்கள். எனக்கு இரண்டாவதே பிடிக்கிறது, கூட்டம் நடப்பதற்கான எண் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

குவோரத்தைப் பெரும்பான்மை என்று கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 53ஆம் பிரிவைப் பாருங்கள். தேசிய சட்டமன்றத்தின் 400 உறுப்பினர்களில், ஒரு மசோதா மீது வாக்கெடுக்கப் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 201 பேர், இருக்க வேண்டும். மற்ற விஷயங்களுக்கு மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 134 பேர், போதும். முடிவோ, பொதுவாக, பதிவான வாக்குகளின் பெரும்பான்மையால் அமைகிறது. வந்திருப்போர் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு, ஆதரிப்போர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. குவோரம் பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: இந்திய மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, பிரிட்டனின் மக்களவையில் 40 பேர்.

தொடக்கத்தில் ஒருமுறை எண்ணிவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபத்தில் நடந்த எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு விதிப்படி 30 பேர் வேண்டும். 34 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தேநீரும் வடையும் ஆனபின் சிலர் கிளம்பிவிட்டார்கள். சந்தா விதியைத் திருத்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது 19 கைகள் ஆதரித்தும் 4 கைகள் எதிர்த்தும் எழுந்தன. பின்வரிசை நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. அடுத்த மாதம் ஓர் உறுப்பினர் என்னிடம், “அண்ணே, ஓட்டு எடுக்கும்போது எத்தனை பேர் இருந்தாங்க?” என்று கேட்டார். குறிப்பேட்டில் இருந்தது 34 என்ற எண் மட்டுமே. தீர்மானத்தை மறுபடியும் கூட்டத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், அதற்கும் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 64ஆம் பிரிவில், பங்குதாரர் கூட்டம் தொடங்க வாக்குரிமையில் 25 விழுக்காட்டைச் செலுத்தக்கூடியவர்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒருமுறை குவோரம் அமைந்தபின், நிறுவன விதி வேறாகச் சொல்லாதவரை, வாக்குரிமையுள்ள ஒருவர் எஞ்சியிருந்தாலும் கூட்டம் தொடரலாம் என இடம் தருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் குவோரம் சேராவிட்டால் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போவதும் அங்கே உள்ள ஏற்பாடுதான். கம்பெனியாகப் பதிவாகாத சங்கத்துக்கு இவை தாமாக வந்து பொருந்தா. அதன் விதிநூல் என்ன சொல்கிறதோ அதுவே செல்லும். விதிநூல் மௌனமாக இருந்தால், ஒவ்வொரு வாக்கெடுப்புக்கு முன்பும் தலைகளை எண்ணிவிடுவதே பாதுகாப்பு.

எவரை எண்ணுவது என்பதிலும் கவனம் வேண்டும். சந்தா பாக்கியால் வாக்குரிமை இழந்தவரும் விருந்தினரும் கணக்கில் சேரமாட்டார்கள். வாக்களிக்காமல் அமர்ந்திருக்கும் உறுப்பினர், பொதுவாக, சேருவார். வராதவர் கொடுத்தனுப்பிய பதிலாள் கடிதம் விதி அனுமதித்தால் மட்டுமே எண்ணப்படும்.

குவோரம் இல்லாத கூட்டத்தில் எல்லாரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் அது தீர்மானமாகாது. பேசலாம், அடுத்த தேதியைக் குறித்துக் கலையலாம். குறிப்பேட்டிலும் ‘குவோரம் இருந்தது’ என்று மட்டும் எழுதாமல், ‘மாலை 4.20 மணிக்கு, வாக்கெடுப்பின்போது, வாக்குரிமையுள்ள 32 உறுப்பினர்கள் இருந்தனர். விதிப்படி தேவை 30’ என்று எழுதுங்கள்.