எதிர்முனை முகவரி: நான் சறுக்கிய இடங்கள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மழை அளக்கும் பெட்டிகள் நான்கு வைத்திருக்கிறோம். சிம் கார்டு வழியாக அவை சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் சர்வரோடு பேசும். எந்த முகவரியிலிருந்து யார் இணைந்தார்கள் என்று லாக்கில் (பதிவுக் கோப்பில்) எழுத ஒரு சின்ன சி நிரல். முதல் நாள் திறந்து பார்த்தால் வரிக்கு வரி 0.0.0.0 என்ற வெற்று முகவரி. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

தப்பு நீளத்தில் இருந்தது. கெட்பியர்நேம் என்பது இணைப்பின் மறுமுனை முகவரியைத் தரும் அழைப்பு. அதற்கு மூன்றாவதாகக் கொடுக்கும் நீளம், விடையை வாங்க மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். 'முகவரியை வாங்க நான் வைத்திருக்கும் பாத்திரம் இவ்வளவு பெரிது' என்று கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையத்துக்கு) சொல்வதும் அதுதான். நான் 0 வைத்து அனுப்ப, லினக்ஸ் ஒரு பைட்கூட ஊற்றாமல் 'வெற்றி' என்று திருப்பிவிட்டது! ஒவ்வொரு முறை அழைக்கும் முன்பும் முழு அளவை அதில் போடுங்கள். லூப்புக்கு வெளியே ஒரே தடவை போட்டால் போதாது, விடை அதன்மேலேயே எழுதப்படும்.

பாத்திரமும் சின்னதாக இருக்கக் கூடாது. ஐபிவி4 முகவரிக் கட்டமைப்புக்கு 16 பைட், புதிய வகையான ஐபிவி6க்கு 28. சின்னதில் பெரியதை வாங்கினால் முகவரியில் பாதி வெட்டுப்படும், அதற்கும் பிழை வராது. இரண்டு வகைக்கும் இடம் போதுமான சாக்அட்ர்_ஸ்டோரேஜில் வாங்கி, எந்த வகை முகவரி என்று பார்த்துப் பிரியுங்கள்.

போர்ட் எண்ணின் பைட் வரிசையை என்டிஓஎச்எஸ் வழியாக மாற்ற மறந்தால், சாதாரண பிசியில் 50000 என்பது 20675 ஆகிவிடும். பார்த்தால் சந்தேகமே வராது, அதுதான் வம்பு. முகவரியை எழுத்தாக மாற்றும் ஐநெட்_என்டோஏவை ஒரே பிரின்ட்எஃபில் இரண்டு முறை போட்டால் இரண்டு இடத்திலும் ஒரே முகவரி வரும். உள்ளே இருப்பது ஒரே பஃபர் (தற்காலிக இடம்). அதற்குப் பதில், நாம் கொடுக்கும் இடத்தில் எழுதும் ஐநெட்_என்டாப் போதும், 46 எழுத்துக்கு இடம் விடுங்கள்.

அப்புறம், 'யார் போனது' என்று எழுத, இணைப்பு அறுந்த பிறகு கேட்டுக்கொண்டிருந்தேன். மலையில் சிக்னல் அடிக்கடி போகும். டைம்அவுட் ஆன சாக்கெட்டிடம் (இணைப்பின் நம் பக்க முனையிடம்) கேட்டால் 'இணைப்பு இல்லை' என்ற பிழைதான். இணைப்பை அக்செப்ட் செய்யும்போதே (ஏற்கும்போதே) முகவரியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு தோட்டக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, மேட்டுப் பெட்டி ரெண்டு நாளா மழையே காட்டலையே?" லாக்கைப் பார்த்தேன். நான்கு பெட்டிக்கும் ஒரே ஐபி. பல கருவிகளை ஒரே முகவரியாக வெளியே காட்டும் மொபைல் நிறுவனத்தின் நேட்டுக்குப் பின்னால் எல்லாம் ஒரே வாசல் வழியாக வருகின்றன. போர்ட்டும் இணைப்புக்கு இணைப்பு மாறும். இப்போது ஒவ்வொரு பெட்டியும் இணைந்ததும் முதல் வரியில் தன் எண்ணைச் சொல்கிறது. மேட்டுப் பெட்டியின் எண் 3.