மலையில் நோயாளி, சேலத்தில் மருத்துவர்: இணையவழிக் கண்காணிப்புக் கருவி செய்யும் முறை

இணையவழி நோயாளி கண்காணிப்பை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கும் மாணவர்கள், உணரியை மாட்டி, கைப்பேசித் திரையில் நாடித்துடிப்பு ஓடுவதைக் காட்டிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். சேலத்தில், கல்லூரி ஆய்வகத்து வைஃபையில், அது தடையின்றி ஓடத்தான் செய்யும். அதே கருவியைச் சேர்வராயன் மலையில், டவர் வருவதும் போவதுமாக இருக்கும் ஓர் ஊரில் வைத்தால், சிறிது நேரத்தில் எண் நின்றுவிடும். நின்றது நோயாளியின் நிலையாலா, கரண்ட் போனதாலா, சிக்னல் இல்லாததாலா என்று கீழே திரையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே, தகவல் வராத நேரத்தில் கருவி என்ன செய்யும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே உணரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சர்க்யூட் வரைவதற்கு முன் மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த நோயாளிக்கு, எந்த அளவு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு இருந்தால் போதும் என்று மருத்துவர் வைத்திருக்கக்கூடும். நீங்கள் 94-க்குக் கீழே மணியடிக்கும்படி நிரல் எழுதினால், அந்த வீட்டில் மணி ஓயாது, இரண்டாம் நாளே கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மேலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் செறிவு சற்றுக் குறைவாகக் காட்டலாம். எனவே அவரவர் இயல்பு நிலையை, அவரவர் வீட்டிலேயே, அவர் நலமாக இருக்கும் நாட்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உணரிக்கு வருவோம். வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையும், நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் செறிவையும் அளக்கும் மேக்ஸ்30102 உணரியும் மாணவர் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை. இந்த உணரி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, திரும்பும் ஒளியில் துடிப்போடு மாறும் பகுதியையும் மாறாத பகுதியையும் ஒப்பிட்டுச் செறிவைக் கணக்கிட உதவுகிறது. பலரும் பயன்படுத்தும் 110 − 25ஆர் என்ற சூத்திரம் (ஆர் என்பது இரு ஒளிகளிலும் கிடைக்கும் அந்த ஒப்பீடுகளின் விகிதம்) தோராயமானதே. சான்று பெற்ற பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை அதே கையின் பக்கத்து விரலில் மாட்டி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மலிவு விலைப் பலகைகள் சிலவற்றில் உணரியைப் பலகையோடு இணைக்கும் எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) கம்பிகளின் புல்-அப் மின்தடைகள் 1.8 வோல்ட்டோடு இணைக்கப்பட்டிருக்கும், அப்போது 3.3 வோல்ட்டில் இயங்கும் ஈஎஸ்பி32-க்கு உணரி கண்ணில் படாமலே போகலாம். நிரலைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து அந்த இரு கம்பிகளின் அழுத்தத்தைப் பாருங்கள்.

மார்கழிக் காலையில் மலைவாசி ஒருவரின் விரல்நுனி சில்லிட்டிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து, அலையின் உயரம் தட்டையாகி, கருவி ஏதோ ஓர் எண்ணைத் தோராயமாகக் காட்டும். அகச்சிவப்பு அலையின் உயரம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் எண்ணைக் காட்டாமல், கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைக்கும்படி தமிழில் சொல்லச் செய்யுங்கள். உடல் வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரி பொருத்தமில்லை, அதன் பிழை அரை டிகிரி வரை போகும். மேக்ஸ்30205 காய்ச்சல் எல்லையில் 0.1 டிகிரிக்குள் நிற்கும். இசிஜி மருத்துவர் கேட்டால் மட்டும். கேட்டாலும், சார்ஜரில் செருகியபடி நோயாளியின் மார்பில் எலெக்ட்ரோடு ஒட்டவே கூடாது.

இனி, அனுப்பும் முறை. ஒவ்வோர் அளவும் வரிசை எண்ணோடும் அளந்த நேரத்தோடும் முதலில் கருவியின் நினைவகத்தில் பதிவாகி, சிக்னல் கிடைக்கும்போது அங்கிருந்து போக வேண்டும். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் கருவியின் நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பும் தோற்று, சர்வரோடு 8883 போர்ட் வழியான பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. சிறு செய்திகளைச் சர்வர் வழியாக அனுப்பும் எம்கியூடிடி நெறிமுறையில், செய்தி ஒருமுறையாவது போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் நிலையை (QoS 1) பயன்படுத்தினால் ஒரே செய்தி இருமுறை வரக்கூடும், அதைச் சர்வர் வரிசை எண்ணை வைத்துக் கழித்துவிடும். இணைக்கும்போதே 'இறுதிச் செய்தி' ஒன்றைப் பதிந்துவைத்து, கருவி தான் இயங்குவதைச் சர்வருக்குத் தெரிவிக்கும் உயிர்ப்பு இடைவெளியை (keep alive) 60 விநாடியாக வைத்தால், கருவி பேசாமல் போய் அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடியில் சர்வரே அந்தச் செய்தியை மருத்துவர் திரைக்கு அனுப்பிவிடும். திரையில் பழைய எண் அப்படியே நிற்கக் கூடாது. அது மறைந்து, 'தகவல் இல்லை' என்பது தனி நிறத்தில், கடைசியாக அளவு வந்த நேரத்தோடு தெரிய வேண்டும். சிம் மாட்யூல் வாங்குமுன் அந்த ஊரில் எந்த நிறுவனத்தின் டவர் எடுக்கிறது என்று விசாரியுங்கள். 2ஜி மட்டுமே தெரிந்த சிம்800எல், ஜியோவில் வேலை செய்யாது.

எச்சரிக்கை எல்லைகள் கருவியிலேயே இருக்கட்டும். இணையம் இல்லாத நள்ளிரவிலும் வீட்டிலுள்ள பஸ்ஸர் ஒலித்து, 108-ஐ அழைக்கும்படி வீட்டாரை எழுப்ப வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், நகரத்து நோயாளிக்கு வைக்கும் எல்லையைவிட முன்கூட்டியே மணியடிக்கும்படி வைக்கலாமா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். ஒற்றை அளவுக்கு மணி வேண்டாம். தொடர்ந்து சில நிமிடங்கள் தாழ்ந்தே இருந்தால் மட்டும் அடிக்கட்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளி படித்துப் புரிந்து தரும் தமிழ் ஒப்புதல் படிவமும் கட்டாயம். 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் பெறாத கருவி என்பதால், அதன் எண்ணைப் பார்த்து யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். செய்திகளில் நோயாளியின் பெயருக்குப் பதில் ஓர் எண் போதும்.

வீட்டில் வைக்குமுன் மேசையில் வைத்தே கெடுத்துப் பாருங்கள். சிம்மை உருவுங்கள், பேட்டரியைப் பாதியில் கழற்றுங்கள், விரலை எடுத்துவிட்டு உணரியின் மேல் வெறும் பேனாவை வையுங்கள், இரவு முழுவதும் இணைப்பைத் துண்டித்துக் காலையில் கொடுங்கள். தேங்கிய அளவுகள் அளந்த நேரத்தின் வரிசையில், ஒன்றும் விடுபடாமல் சர்வருக்கு வந்து சேர்ந்தால், கருவியை மலைக்கு எடுத்துப் போகலாம்.