மலையில் பழகி கடலுக்குப் போங்கள்: படகை ஜெட்டியில் கட்டுவது எப்படி?

உல்லாசப் படகோட்டப் பழக வேண்டும் என்று மலையகத்திலிருந்து காலிக்கோ திருகோணமலைக்கோ கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, "அலையில் எப்படி ஓட்டுவது?" என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். படகு இடிபடுவதும் கை நசுங்குவதும் பெரும்பாலும் கரைக்கு வரும்போதுதான். கரை சேர்ப்பதை நம் ஊர்த் தண்ணீரிலேயே பழகிக்கொள்ளலாம்.

படி 1: இடம்

1873இல் வெட்டப்பட்ட நுவரெலியா கிரகரி வாவியில் வாடகைப் படகு கிடைக்கும். சனி, ஞாயிறு வேண்டாம். மிதிபடகுக் கூட்டத்துக்குள் ஒன்றும் பழக முடியாது. வார நாளில் காலையிலேயே போய், படகுக்கார அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் என்றால் அனுமதி பெறாமல் படகு இறக்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கியதும், தோள்பட்டையில் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் உங்களுக்குப் பெரிது. 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் வாவியில் நல்ல வெயிலிலும் தண்ணீர் குளிரும், அதனால் நீச்சல் தெரியும் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

படி 2: முடிச்சு

வீட்டிலேயே, கதவுக் கைப்பிடியில் பழகலாம். கயிற்றின் நடுவில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். நுனியை வளையத்துக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் மேலிருந்து கீழே விட்டு இறுக்குங்கள். இதுதான் போலைன். எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது, அவிழ்ப்பதும் சுலபம்.

ஜெட்டியில், அதாவது படகு கட்டும் மேடையில், இரண்டு கொம்புள்ள இரும்புக் கட்டை இருக்கும், அதன் பெயர் கிளீட். கயிற்றைத் தூரத்துக் கொம்புக்கு முதலில் கொண்டுபோய், அடியில் ஒரு முழுச் சுற்று, அப்புறம் கொம்புகளின் மேல் குறுக்காக எட்டு வடிவில் ஒருமுறை, கடைசியாக நுனியைத் திருப்பிப் போட்டுப் பூட்டு. அவ்வளவுதான். பத்துச் சுற்றுச் சுற்றினால் அவசரத்துக்கு அவிழாது.

படி 3: கரைக்கு வருதல்

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மலை இடுக்கில் காற்று திடீரென்று இறங்கும். கருமையான சிற்றலைத் திட்டு ஒன்று உங்களை நோக்கி ஓடிவந்தால் அதுதான் காற்று. அது அடங்கும்வரை வெளியே நில்லுங்கள்.

இடி தாங்கும் மெத்தையான பெண்டரோ பழைய டயரோ படகின் பக்கவாட்டில் தொங்க வேண்டும். காற்றை எதிர்த்து, ஜெட்டிக்கு இருபது முப்பது பாகைச் சரிவில், நடக்கிற வேகத்தில் வாருங்கள். படகுக்குப் பிரேக் கிடையாது. கொஞ்சம் முன்னாலேயே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கடைசியில் சற்றே ரிவர்ஸ் கொடுத்தால் நிற்கும். நிற்காவிட்டால் காலை நீட்டித் தடுக்காதீர்கள். படகு இடித்துவிட்டுப் போகட்டும், மீண்டும் சுற்றி வரலாம். காற்றடிக்கும் பக்கத்துக் கயிறுதான் முதலில். இப்படி வந்தால் அது முன்கயிறாக இருக்கும். பின்கயிறு அடுத்தது.

படி 4: கடலோரம்

கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர்வரை, தெற்கு மேற்குக்கு நவம்பர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். மகாவலியோடு இறங்கும் நம் மலைத் தண்ணீர் போய்ச் சேரும் கொட்டியாரக் குடா, திருகோணமலைப் பக்கம்தான். அங்கே மே முதல் செப்டெம்பர்வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் அலையே இல்லாத மாதிரி தெரியும். எஞ்சின் நின்றால் படகை வெளிக்கடலுக்கு இழுத்துப் போய்விடும். புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த அமைதிதான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு. விஎச்எஃப் வானொலி அவசரத்துக்கு 16ஆம் சானலில் இருக்கட்டும்.

துறைக்குள் போகுமுன் நான்கு விஷயம் கேளுங்கள்: கட்ட இடம் இருக்கிறதா, அங்கே ஆழம் எவ்வளவு, டீசலும் குடிதண்ணீரும் கிடைக்குமா, இரவுக்காவல் உண்டா. இலங்கைக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் நிலையான ஜெட்டியில் கயிற்றை விறைப்பாகக் கட்டினால் தண்ணீர் வற்றும்போது படகு தொங்கும். ஒரு முழம் தளர விட்டு, படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை பாருங்கள்.