வீட்டிலேயே எண்ணெய்க் குளியல்: முதல்முறை தேய்ப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு ஸ்பாவின் விலைப்பட்டியலைப் பார்த்தேன். டீடாக்ஸ் எண்ணெய் மசாஜ், ஒன்றரை மணி நேரம். என்ன எண்ணெய் என்று கேட்டேன். "நல்லெண்ணெய்தான் சார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். சனிக்கிழமை காலையில் ஆச்சி கிண்ணத்தில் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு எங்களைத் துரத்தித் துரத்திப் பிடித்துத் தேய்த்தாரே, அதே எண்ணெய். அன்று அழுதுகொண்டே உட்கார்ந்ததற்கு இன்று முன்பதிவு செய்ய வேண்டுமாம்.

டீடாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். எண்ணெய் தேய்த்தால் தோல் வழியாக நஞ்சு வெளியே வந்துவிடாது, அது ஸ்பாவில் தேய்த்தாலும் சரி, முற்றத்தில் தேய்த்தாலும் சரி. ஆனால் வறண்ட தோல் மிருதுவாகும், வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இறுகிப்போன தோள்பட்டை இளகும், ராத்திரி படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூக்கம் வரும். எனக்கு அது போதும்.

காய்ச்சல், சளி, சைனஸ் தொல்லை இருக்கும் நாளில் வேண்டாம். தோலில் புண், சொறி இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது பழைய கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுமுறை நாள் எதுவோ அதுதான் நல்ல நாள். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

என்னென்ன வேண்டும்?

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், ஒருவருக்கு 50 மில்லி. கடையில் பக்கத்திலேயே விளக்குக்கான தீப எண்ணெய் பாக்கெட்டும் இருக்கும், அதை எடுத்து வந்துவிடாதீர்கள். அப்புறம் 4 மிளகு, அரை ஸ்பூன் சீரகம், தோலோடு தட்டிய 2 பல் பூண்டு. தலைக்குச் சீயக்காய்த் தூள் 4 ஸ்பூன். கொங்குப் பக்கத்து ஆட்களாக இருந்தால் அதற்குப் பதில் அரப்பு இலைத் தூள். உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. ஒரு பழைய துண்டு, ஒரு பழைய வேட்டியோ நைட்டியோ. பழையது என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை, எண்ணெய்ச் சிக்கு லேசில் போகாது.

எண்ணெய் காய்ச்சுதல்

எண்ணெயைச் சின்ன இரும்புக் கரண்டியில் ஊற்றிச் சிறுதீயில் வையுங்கள். மிளகையும் சீரகத்தையும் போடுங்கள். சீரகத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழி வரும், கொஞ்ச நேரத்தில் வாசனை தூக்கும். பூண்டைப் போட்டு, அதன் ஓரம் லேசாகச் சிவந்ததும் அடுப்பை அணையுங்கள். புகை வந்தால் காய்ந்தது அதிகம். அடுப்பை அணைத்த பிறகும் கரண்டியின் சூட்டில் அது காய்ந்துகொண்டே இருக்கும், அதனால் உடனே வேறு கிண்ணத்துக்கு வடிகட்டி மாற்றுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் எடுக்கலாம், சுரீர் என்றால் பொறுங்கள்.

தேய்த்தல்

குளியலறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டு தேய்த்தால் காலடியில் எண்ணெய் சொட்டும், அப்புறம் நடப்பதே சர்க்கஸ். உச்சந்தலையில் இரண்டு ஸ்பூன் வைத்து விரல் நுனியால் மெதுவாகப் பரப்புங்கள், நகம் படக் கூடாது. பிறகு பின்கழுத்து, தோள், கை, முதுகு, கால் என்று கீழே இறங்குங்கள். முட்டியிலும் கணுக்காலிலும் வட்டமாகத் தேயுங்கள், மற்ற இடத்தில் நீளவாக்கில். உள்ளங்காலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் காதிலும் மூக்கிலும் இரண்டு சொட்டு விடுவார்கள். நான் அதை விட்டுவிட்டேன். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் நமக்கே தெரியாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரைக்கும் கொண்டுபோய் விடும்.

முதல்முறை 15 நிமிடம் ஊறினால் போதும். பழகியபின் அரைமணி வரை போகலாம். போனை வெளியே வைத்துவிடுங்கள், எண்ணெய்க் கையோடு அதை எடுக்கவும் முடியாது.

எண்ணெய் எடுப்பது

இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். சென்னையில் தனியாக அறை எடுத்திருந்தபோது நானும் விட்டேன். தலையில் எண்ணெயை வழிய வழிய வைத்துக்கொண்ட பிறகுதான் சீயக்காய் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. மூன்று முறை ஷாம்பூ போட்டும் திங்கட்கிழமை ஆபீசில் தலை பளபளத்துக்கொண்டே இருந்தது.

சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் சப்போனின் இருக்கிறது, எண்ணெயைப் பிடித்து இழுப்பது அதுதான். தூளை வெறும் தண்ணீரில் கரைப்பதைவிட, சோறு வடித்த கஞ்சியில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்தால் முடியில் ஒட்டி நிற்கும், கண்ணுக்கும் வழியாது. வழிந்தால் எரிச்சல் தாங்காது, அன்று முழுக்கக் கண் கோவைப்பழம்தான். எனவே தலையைப் பின்னால் சாய்த்தே அலசுங்கள். முதலில் வெந்நீரைத் தலையில் ஊற்றாமல், எண்ணெய் மேலேயே சீயக்காயைத் தேய்த்துவிட்டுப் பிறகு ஊற்றினால் வேலை பாதியாகும். ஒரு முடியை விரலால் உருவிப் பாருங்கள், வழுக்காமல் கீச்சென்றால் போதும்.

உடம்புக்குப் பாசிப்பயறு மாவைக் குழைத்துத் தேய்த்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தலை சுற்றும். தோலில் லேசான மினுமினுப்பு நின்றால் நிற்கட்டும், அதையும் சுரண்டி எடுத்தால் தேய்த்ததற்கு அர்த்தமில்லை.

வெளியே வந்து தலையை நன்றாகத் துவட்டுங்கள். அன்றைக்கு மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். தயிர், ஐஸ் தண்ணீர் கிடையாது என்பார்கள். அதற்குக் காரணம் கேட்டால் ஆச்சியிடம் பதில் வராது, முறைப்புதான் வரும். மதியம் கண் சொக்கும். படுக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான், அதை மட்டும் நான் பல தடவை மீறியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் குளியலறையைக் கவனியுங்கள். மிச்சச் சீயக்காயைத் தரையில் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். அடுத்ததாக உள்ளே போகிறவர் வழுக்கி விழுந்தால் பழி உங்கள் மேல்தான். சீயக்காய்ச் சக்கை தண்ணீர் போகும் துவாரத்தை அடைக்கும், சல்லடையில் தங்கியதை அள்ளிக் குப்பையில் போடுங்கள். ராத்திரி தலையணைக்குப் பழைய உறை.