மலைக்குத் தோல் பூட்ஸ் வாங்கும்போது நீளத்தில் ஏமாறாதீர்கள்

கர்நாடகத்தில் குமார பர்வதம் என்ற மலையிலிருந்து இறங்கி வந்த அன்று ராத்திரி, அடிவாரத்து ஊரான குக்கேயின் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் நாவற்பழம் மாதிரி இருந்தன. ஒன்று மூன்று மாதத்தில் கழன்று விழுந்தது, இன்னொன்று இன்றைக்கும் கொஞ்சம் கோணலாகத்தான் வளர்கிறது. பூட்ஸ் புதுசு, நல்ல தடித்த தோல், விலையும் குறைச்சல் இல்லை. கடையில் போட்டுப் பார்த்தபோதே நுனி லேசாக முட்டியது. 'போடப் போட இளகிடும் சார்' என்றார் விற்றவர். தோல்தானே, இளகும் என்று நானும் நம்பிவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தோல் இளகும், ஆனால் அகலத்தில்தான் இளகும், நீளத்தில் இளகாது. ஒரு பூட்ஸைக் கையில் எடுத்து அங்கங்கே அமுக்கிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். விரல் முனையிலும் குதிகாலிலும் தோலுக்கு உள்ளே கெட்டியாக ஒரு தகடு மாதிரி வைத்திருப்பார்கள், அடியில் லேசில் வளையாத சோல், ஆக முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர், இடையில் மட்டும்தான் வெறும் தோல். அந்த இடைப்பகுதி கால் சூட்டிலும் வேர்வையிலும் மெல்ல உங்கள் காலுக்கு ஏற்ப வளையும், சுவர் இம்மியும் நகராது. பெங்களூரில் எதற்கெடுத்தாலும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள், என்பார்கள். இங்கே பூட்ஸ் அட்ஜஸ்ட் ஆகாது, நகம்தான் ஆகும்.

சரி, முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். நான் சொல்வது பழைய பாணி பூட்ஸை: கணுக்காலை மூடும் உயரம், இரண்டரை மூன்று மில்லிமீட்டர் தடிமனில் மாட்டுத்தோல், ஜோடி ஒன்றரை கிலோ பக்கம் எடை. நந்தி மலையில் சூரியோதயம் பார்க்கவும் ஸ்கந்தகிரிக்கும் இது வேண்டவே வேண்டாம், வீட்டில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். சாவனதுர்கா மாதிரி மொட்டைப் பாறையில் இது இன்னும் மோசம், விறைத்த சோல் பாறையோடு ஒட்டாது, அங்கே வளைந்து கொடுக்கிற மெல்லிய ரப்பர் சோல்தான் பிடிக்கும். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ, இரண்டு மூன்று நாள், கல்லும் வேரும் சேறுமாக ஒரு பாதை, அல்லது இமயமலைப் பக்கம் பனி என்றால் தோல் பூட்ஸ் வாங்குங்கள்.

கடைக்குப் போய் 'நான் 9' என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்து அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஒரு படி 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று எங்கேயும் சரியாகப் பொருந்தாது, அதனால்தான் ஒவ்வொரு கம்பெனி அட்டவணையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். சுவரை ஒட்டி ஒரு தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி முழு எடையும் வைத்து நில்லுங்கள், பென்சிலை நெட்டாகப் பிடித்து இன்னொருவர் கோடு போடட்டும் (நீங்களே குனிந்தால் எடை மாறிவிடும், அளவும் மாறும்). இரண்டு காலையும் அளக்கவேண்டும். எனக்கு இடது கால் 4 மில்லிமீட்டர் அதிகம், நாற்பது வயது வரை தெரியாது. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ், சின்னதற்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை வைத்துக்கொள்ளலாம். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், அப்படியென்றால் அதுதான் கணக்கு.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையில் ஐந்தாறு மணிநேரம் நடந்த காலும் அப்படித்தான் இருக்கும். கமர்ஷியல் தெருவில் வீட்டம்மாவோடு இரண்டு மணிநேரம் சுற்றிவிட்டுப் போனால் இன்னும் உத்தமம். மலைக்குப் போடப்போகும் கம்பளி சாக்ஸைக் கையோடு எடுத்துப்போங்கள், கடையில் கொடுக்கும் வழவழ நைலான் சாக்ஸைப் போட்டுப் பார்த்தால் எல்லா பூட்ஸும் சரியாக இருக்கும். நகத்தையும் முதல் நாளே வெட்டிவிடுங்கள்.

இப்போது பூட்ஸ் கையில் வந்துவிட்டது. உடனே காலை நுழைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். குதிகாலைப் பின் விளிம்போடு சேர்த்து வைத்தால் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், பத்திலிருந்து பதினைந்து மில்லிமீட்டர், காலியாக இருக்கவேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த பூட்ஸ் ஒடுக்கம், அடுத்ததைக் கேளுங்கள். அப்புறம் இன்சோலைத் திரும்ப வைத்து, லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல் முன்னால் இடிக்கும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஓர் ஆள்காட்டி விரல் இறங்கவேண்டும். விரலே இறங்காவிட்டால் சின்னது, இரண்டு விரல் இறங்கினால் பெரிசு.

பெரிசாக வாங்கிவிட்டு இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். பூட்ஸ் முழங்கை மூட்டு மாதிரி ஒரே இடத்தில்தான் மடியும், அந்த மடிப்பு உங்கள் விரல்கள் மடியும் இடத்துக்கு நேராக இருக்கவேண்டும். பெரிய பூட்ஸில் மடிப்பு முன்னால் தள்ளிப்போய், ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தடித்த தோல் மடிந்து விரல் முட்டிகளை மேலிருந்து அழுத்தும். புதுசில் தெரியாது, இரண்டாம் நாள் தெரியும்.

குதிகாலுக்கு வருவோம். குதிகால் பின்னால் நன்றாக உட்காரும்படி தரையில் பின்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டி, லேஸைக் கீழிருந்து ஒவ்வொரு கண்ணாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். கட்டி முடித்ததும் இரண்டு பக்கத் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி ஒரே சீராக இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் உங்கள் காலுக்கு அந்த பூட்ஸில் இடம் அதிகம், தோல் இளகிய பிறகு இறுக்குவதற்கு மிச்சமே இருக்காது. அப்புறம் நடங்கள். குதிகால் கொஞ்சம் எழும்பும், சோல் விறைப்பு என்பதால் புது பூட்ஸில் ஐந்து மில்லிமீட்டர் போல எழுந்தால் பரவாயில்லை, சோல் பழகப் பழகக் குறையும். அதற்குமேல் எழுந்து உரசினால் கொப்புளம் நிச்சயம், லேஸை எவ்வளவு இறுக்கினாலும் தீராது.

இனிமேல்தான் நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது. ஏறும்போது பூட்ஸ் விரல் நுனியைக் கடிக்காது, இறங்கும்போதுதான் கால் முன்னால் சரிந்து நகம் போய் சுவரில் மோதும். குக்கேயிலிருந்து குமார பர்வதம் 1712 மீட்டர் உச்சிவரை ஏறுவது 1500 மீட்டருக்கும் மேல், அத்தனையும் திரும்ப இறங்கவேண்டும், ஆயிரக்கணக்கான மோதல். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் முகம் கீழே பார்த்து நில்லுங்கள், இல்லாவிட்டால் மாடிப்படியில் வேகமாக இறங்குங்கள், அதுவும் இல்லாவிட்டால் பூட்ஸின் மூக்கைத் தரையில் மூன்று முறை நன்றாக உதையுங்கள். முதல் உதையில் விரல் படாமல் மூன்றாவதில் லேசாகத் தொட்டால் ஏற்கலாம். முதல் உதையிலேயே பட்டால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் முறைப்பார். முறைக்கட்டும். முடிந்தால் முதுகுப் பையில் நாலைந்து தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள், எடை ஏறினால் பாதம் இன்னும் நீளும், விரியும்.

அகலம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் வெறுங்கால், வெளியே செருப்பு என்று வளர்ந்த கால்கள் நம்முடையவை, முன்பக்கம் விரிந்தும் குதிகால் ஒடுங்கியும் இருப்பவர்கள் நிறைய. இத்தாலி பூட்ஸ் பலதும் முன்பக்கம் ஒடுக்கமாக வரும். என் சித்தப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவர் (பெங்களூர் சென்னை ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஊர் பிரியாணியாகத்தான் தெரியும், வண்டி வண்டியாக ஷூ ஏற்றுமதி ஆவது தெரியாது). ஷூவை எந்த அச்சில் இழுத்துத் தைக்கிறார்களோ அதற்கு லாஸ்ட் என்று பெயர். 'நம்பரைப் பாக்காதடா, லாஸ்ட்டப் பாரு' என்பார். ஒரே 9 நம்பர், ஒரே கம்பெனி, மாடல் மாறினால் லாஸ்ட் மாறும், கால் மாறினமாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மாடல் ஒடுக்கமாக இருந்தால் அதிலேயே பெரிய நம்பர் கேட்காதீர்கள், வேறு மாடல் கேளுங்கள். பெருவிரல் எலும்பு புடைத்த இடத்தில் மட்டும் இறுக்கம் என்றால் பயப்பட வேண்டாம், அனுபவமுள்ள செருப்புத் தைப்பவர் மரக்கட்டை கொடுத்து அந்த இடத்தை மட்டும் தள்ளிக் கொடுப்பார். முன்பே சொன்னேனே, அகலத்துக்குத்தான் தோல் இளகும்.

சோல் எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று விளிம்பைப் பாருங்கள். வெளியே சுற்றிலும் தையல் தெரிந்தால் தேய்ந்த பிறகு சோல் மாற்றிக்கொள்ளலாம், பசையில் மட்டும் ஒட்டியதையும் சில இடங்களில் மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம். அடியில் மஞ்சள் எண்கோணத்தில் விப்ரம் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்துபோன ஒரு பயணத்தில் இருந்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிக்காரர், ஆணி அடித்த பூட்ஸுக்குப் பதிலாக 1937-இல் கொண்டுவந்த ரப்பர் சோல் அது, அவர் பெயரின் முன்பாதிகளைச் சேர்த்தால் விப்ரம்.

தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பழைய ஸ்டாக் வாங்கும் முன் தயாரிப்புத் தேதி பாருங்கள். சோலுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மெத்து பாலியூரிதேன் என்றால், போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரம் பட்டுப்பட்டு சில வருஷத்தில் இற்றுப்போகும், டப்பாவில் பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். என் மச்சான் பரணில் ஏழெட்டு வருஷம் கிடந்த பூட்ஸை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு குடகில் இருக்கும் தடியண்டமோல் மலைக்கு வந்தார், தோல் புதுசு மாதிரி மின்னியது, பாதி வழியில் சோல் ஆறிப்போன இட்லி மாதிரி உதிர்ந்துவிட்டது. மீதி தூரம் முழுக்க லேஸால் சோலைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

உள்ளே தண்ணீர் புகாத ஜவ்வு வைத்த பூட்ஸா, வெறும் தோலா? நம் பக்கத்து மலைகளுக்கு வெறும் தோலும் மெழுகும்தான் என் கட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையில் தண்ணீர் எப்படியும் மேல்வழியாக உள்ளே வரும், ஜவ்வு இருந்தால் அது வெளியே போகாது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு மட்டும் இரண்டு பக்கமும் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், கல்லும் அட்டைப்பூச்சியும் நுழையும் வழி குறையும்.

வாங்கியதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள், பில்லை எறியாதீர்கள், சோல் தேயாத வரை பல கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்து பெங்களூர் லால்பாக் பூங்கா. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பெரிய பாறை இருக்கிறதே, அதில் காலை ஏழு மணிக்கு ஏறி ஏறி இறங்குங்கள், வாக்கிங் மாமாக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே உரசும் இடம்தான் மலையில் கொப்புளம் வரும் இடம், முன்கூட்டியே அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். ஐம்பது கிலோமீட்டராவது நடந்தபிறகு பெரிய மலைக்குப் போங்கள். நனைந்தால் செய்தித்தாள் திணித்து நிழலில் காய வைக்கவேண்டும், வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் தோல் வெடித்துவிடும்.

மலையில் ஏறும்போது கணுக்கால் பக்கம் லேஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். உச்சியில் இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து முழுசாக அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, புறங்கால் மடியும் இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டு முறுக்காகப் போட்டு இறுக்குங்கள், அந்த முறுக்கு நழுவாமல் பிடித்துக்கொள்ளும், மேலே உள்ள கொக்கிகளை அதற்குப் பிறகு மாட்டுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும். கூட வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அவசரப்படாதீர்கள், கீழே பாதி வழியில் எல்லோரும் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.